கடைமடைக்கும் தண்ணீர்: மீண்டும் கட்டப்படும் பெண்கள் கூடைப்பந்து அணியில் பொறுப்புகளைப் பிரிப்பது எப்படி

ஏப்ரல் மாதம் முடியும்போது டெல்டா மாவட்டங்களின் பெண்கள் கூடைப்பந்து அணிகள் பலவும் பாதியாகிவிடுகின்றன. கல்லூரியின் இறுதியாண்டை முடித்த ஒருவருக்குச் சென்னையில் வேலை கிடைக்கிறது. இன்னொருவருக்குத் திருமணம் நிச்சயமாகிறது. மூன்றாமவர் மேற்படிப்புக்காகக் கோயம்புத்தூருக்குப் போய்விடுகிறார். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறக்குமா, குறுவைக்குத் தண்ணீர் வருமா என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருக்கும் அந்த வாரங்களில், எஞ்சிய ஆறேழு பேரையும் புதிதாக வந்து சேர்ந்த பள்ளி மாணவிகளையும் வைத்துக்கொண்டு அணியை மறுபடியும் கட்ட வேண்டிய நிலையில் பயிற்சியாளர் நிற்கிறார். தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடையில் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். அணியைக் கட்டுவதில் நான் எல்லாவற்றுக்கும் முதலாவதாக வைக்கும் ஒன்றைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்: ஒவ்வொரு வீராங்கனையின் பொறுப்பு என்ன, அதை எப்படித் தீர்மானிப்பது, அவர் அதைச் செய்தாரா என்பதை எப்படி அறிவது.

ஆண்டுத் தொடக்கத்தில் நம்மில் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "இந்த வருஷம் நம்ம ஸ்கோரர் யார்?" என்பது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதையே முதலில் கேட்டால், அந்த ஒருவரைப் பார்த்துக்கொண்டு மற்ற பதினொரு பேரும் நிற்கப் பழகிவிடுவார்கள். நானும் ஓர் ஆண்டு அப்படிச் செய்தேன். பந்தை எடுத்துச் செல்வதும் கூடையில் போடுவதும் ஒரே பெண்ணின் கையில் இருக்கும்படி அணியை அமைத்திருந்தேன். பொங்கலை ஒட்டிய போட்டிக்கு நான்கு நாட்கள் இருக்கும்போது அவருக்குக் கணுக்கால் பிசகியது. மற்றவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்லர். ஆனால் எதிரணி ஆடுகளம் முழுவதும் நெருக்கிப் பிடித்தபோது, விதிப்படி 8 விநாடிக்குள் பந்தை நடுக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோக வேறு எவருக்கும் நான் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. அந்தத் தோல்வி அவர்களுடையது அன்று, என்னுடையது. அன்றிலிருந்துதான் தொழில்முறை அணிகள் விழுந்து எழும் முறையை ஊன்றிப் படிக்கத் தொடங்கினேன்.

இண்டியானாவிடமிருந்து எதைக் கற்க வேண்டும்

அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறைத் தொடரான டபிள்யூ.என்.பி.ஏ.-வில் இண்டியானா ஃபீவர் அணி 2012-ல் பட்டம் வென்றது. அந்த அணியின் தூணாக இருந்த டமிக்கா கேட்சிங்ஸ் 2016-ல் ஓய்வுபெற்ற பிறகு, 2017 முதல் 2023 வரை ஏழு ஆண்டுகள் அது பிளே-ஆஃப் எனும் பட்டத்துக்கான இறுதிக்கட்டச் சுற்றை எட்டவே இல்லை. 2022-ல் 36 ஆட்டங்களில் 5 வெற்றிதான். அதன்பின் 2023-ல் அலியா பாஸ்டனும் 2024-ல் கெய்ட்லின் கிளார்க்கும் அடுத்தடுத்து டிராஃப்டின், அதாவது அணிகள் முறைவைத்துப் புதிய வீராங்கனைகளைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வின், முதல் தேர்வாக வந்து சேர்ந்தனர். வெற்றிகள் 2023-ல் 13, 2024-ல் 20, 2025-ல் 24 என்று ஏறின.

இதை கிளார்க்கின் கதையாகவே எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் 2025-ஆம் ஆண்டைக் கவனமாகப் பாருங்கள். காயத்தால் கிளார்க் அந்தப் பருவத்தின் 44 ஆட்டங்களில் 13-ல் மட்டுமே ஆடினார். ஆகஸ்டில் மேலும் மூன்று வீராங்கனைகள் காயத்தால் விலகினர். அப்படியிருந்தும் அந்த அணி அரையிறுதிக்குச் சென்று, அந்த ஆண்டின் பட்டத்தை வென்ற லாஸ் வேகாஸ் ஏசஸ் அணியை ஐந்தாவது ஆட்டம் வரை இழுத்தது. இதைத் தாங்கியவர்களில் முதன்மையானவர் கெல்சி மிட்செல். 2018-ல் இரண்டாவது தேர்வாக அவர் வந்த ஆண்டில் அணி 34 ஆட்டங்களில் 6 மட்டுமே வென்றது. தோற்றுக்கொண்டே இருந்த அத்தனை ஆண்டுகளும் அங்கேயே இருந்து, 2025-ல் 44 ஆட்டங்களிலும் இறங்கி, சராசரியாக 20.2 புள்ளிகள் எடுத்தார். எரிகா வீலரையும் இங்கே சொல்ல வேண்டும். 2013-ல் எந்த அணியும் தேர்ந்தெடுக்காத அவர், 2019-ல் ஆல்-ஸ்டார் ஆட்டத்தின் சிறந்த வீராங்கனையானார்; 2024-ல் கிளார்க் வந்ததும் தொடக்க ஐவரிலிருந்து பெஞ்சுக்கு நகர்ந்து, தன் இடத்துக்கு வந்த இளையவருக்கு அருகில் அமர்ந்தார். மீண்டும் கட்டப்படும் அணியில் நட்சத்திரத்தைவிட மிட்செலையும் வீலரையும் போன்றவர்களையே நான் முதலில் தேடுவேன்.

கிளார்க்கிடமிருந்து கற்க வேண்டியது வேறொன்று. 2024-ல் அவர் கொடுத்த அசிஸ்டுகள், அதாவது இன்னொருவர் கூடை போட வழிசெய்த பாஸ்கள், 337. அவர் இழந்த பந்துகள், அதாவது டர்ன்ஓவர்கள், 223. ஒரே பருவத்தில் இந்த இரண்டு எண்களுமே தொடரின் சாதனைகளாகின. பந்தைக் கையில் கொடுத்தவர்கள் தவறு செய்யும் உரிமையையும் சேர்த்தே கொடுத்தார்கள் என்பது இதன் பொருள். நம் ஊரில் பதினாறு வயதுப் பெண் மூன்று முறை பந்தை இழந்தால் உடனே வெளியே அழைத்துவிடுகிறோம், பிறகு மூன்று மாதங்களுக்கு அவர் பந்தைக் கேட்பதே இல்லை.

ஏசஸ் அணியின் வரலாறு இன்னும் பொறுமையைக் கற்பிக்கிறது. அது சான் அன்டோனியோவில் இருந்தபோது, 2017-ல், 34 ஆட்டங்களில் 8 வென்றது. 2018-ல் லாஸ் வேகாஸுக்கு இடம்பெயர்ந்தது. முதல் பட்டம் 2022-ல்தான் வந்தது. 2017, 2018, 2019 என மூன்று ஆண்டுகளின் முதல் தேர்வுகளும், கெல்சி பிளம், ஏஜா வில்சன், ஜாக்கி யங் ஆகியோர், அந்த அணியில்தான் இருந்தனர். அவர்களுள் பிளம் 2021-ல் தொடக்க ஐவரில் இல்லாமல் பெஞ்சிலிருந்து இறங்கி, சிறந்த ஆறாவது வீராங்கனைக்கான விருதைப் பெற்றார். நாட்டிலேயே முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஆறாவதாக இறங்குவதைத் தாழ்வாகக் கருதவில்லை என்பதை, பெஞ்சில் உட்கார நேர்ந்ததும் முகம் வாடும் பெண்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறேன்.

அங்கே தோற்ற அணிக்கு டிராஃப்ட் குலுக்கலில் கூடுதல் வாய்ப்பு கிடைக்கிறது. இரண்டு ஆண்டுகளின் ஆட்ட முடிவுகளைச் சேர்த்து அதைக் கணக்கிடுகிறார்கள். நமக்கு அப்படி யாரும் எதுவும் தருவதில்லை. நம்மிடம் இருப்பவர்களின் பொறுப்பை மாற்றியமைப்பது ஒன்றே நம் கையில் இருக்கிறது.

200 நிமிடங்களைப் பிரித்தல்

ஒரு கூடைப்பந்து ஆட்டம் 10 நிமிடக் கால்பகுதிகள் நான்கு, களத்தில் ஐவர். ஆக, பயிற்சியாளரிடம் இருப்பது 200 நிமிடங்கள். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரியும் தண்ணீரைப் போலவே இதையும் எண்ணிப்பாருங்கள். தண்ணீர் போதாத ஆண்டில் முறை வைத்துத் திறக்காவிட்டால், பேராவூரணிப் பக்கத்துக் கடைமடை வயலில் நாற்று கருகிவிடும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு பேர் கொண்ட அணியில் பத்தாவது, பதினொன்றாவது, பன்னிரண்டாவது ஆள்கள்தான் கடைமடை. அவர்கள்தான் அடுத்த ஏப்ரலில் உங்களிடம் மிஞ்சப்போகிறவர்களும்.

நான் வழக்கமாகத் தொடங்கும் கணக்கு இது. இருவருக்கு 32 நிமிடங்கள் வீதம் 64. மூவருக்கு 24 வீதம் 72. அடுத்த மூவருக்கு 14 வீதம் 42. இவை சேர்ந்து 178. மீதமுள்ள 22 நிமிடங்கள் கடைசி நால்வருக்கு. இந்த 22-ஐ ஆட்டத்தின் கடைசியில், வெற்றி தோல்வி முடிவான பிறகு கொடுப்பதில் பயனில்லை. இரண்டாம் கால்பகுதியின் தொடக்கத்தில், ஆட்டம் இன்னும் சூடாக இருக்கும்போது, ஒரே நேரத்தில் இருவருக்கு மேல் போகாமல், அனுபவமுள்ள மூவரோடு சேர்த்து இறக்குங்கள். தனியாக இறக்கப்படும் புதியவர் பந்து தன்னிடம் வராமலிருக்க வேண்டிக்கொண்டே ஓடுவார். ஐந்து புதியவர்களை ஒன்றாக இறக்கினால் ஒருவருக்கொருவர் பதற்றத்தைத்தான் கைமாற்றிக்கொள்வார்கள்.

பருவத்தின் முதல் நான்கைந்து ஆட்டங்களில் இந்தப் பங்கை இன்னும் சமமாக வைத்து, யாருக்கு எது வருகிறது என்று பார்த்துவிட்டு, பிறகு குறுக்குவது நல்லது. யார் வரும் ஆண்டும் இருப்பார் என்பதையும் கணக்கில் சேருங்கள். சம திறமையுள்ள இருவரில் முதலாமாண்டு மாணவிக்கு நான் கூடுதல் நிமிடங்கள் கொடுப்பேன்; இறுதியாண்டு மாணவியிடம் அதற்கான காரணத்தை முன்னதாகவே, தனியாக, நேருக்கு நேர் சொல்லிவிடுவேன்.

ஒருவருக்கு ஒரு சீட்டு

பொறுப்பு என்பது வாயால் சொல்லி முடிகிற காரியமாக இருக்கக் கூடாது. தபால் அட்டை அளவுள்ள சீட்டில் ஐந்து வரிகளில் எழுதி ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். பாயிண்ட் கார்டு (பந்தை எடுத்துச் சென்று ஆட்டத்தை நடத்துபவர்), சென்டர் (கூடையருகே ஆடுபவர்) என்று இடத்தின் பெயரை மட்டும் எழுதினால் ஒரு பயனும் இல்லை, ஏனெனில் ஒரே இடத்தில் ஆடும் இருவருக்கு முற்றிலும் வேறான வேலைகள் இருக்கும். முதல் வரியில், நம்மிடம் பந்து இருக்கும்போது அவர் எங்கே நிற்க வேண்டும் என்பது. இரண்டாவதில், எதிரணியில் எந்த வகையான ஆட்டக்காரரை அவர் பிடிக்க வேண்டும் என்பது. மூன்றாவது வரிதான் பலரும் எழுத மறப்பது: எறிந்த பந்து கூடையில் விழாமல் தெறிக்கும்போது, அடுத்த மூன்று விநாடிகளில் அவர் செய்ய வேண்டியது ரீபவுண்டுக்கு, அதாவது தெறித்த பந்தைப் பிடிக்க, போவதா, தன் ஆளைப் பந்தை நெருங்க விடாமல் உடலால் மறித்து பாக்ஸ் அவுட் செய்வதா, திரும்பி ஓடித் தன் கூடையைக் காப்பதா என்பது. நான்காவதில், யாரையும் கேட்காமல் அவர் எறியலாம் என்ற எறிதல் எது என்பது. ஐந்தாவதில், பெஞ்சிலிருந்து இறங்கும் முதல் நிமிடத்தில் அவர் செய்ய வேண்டிய ஒரே ஒரு செயல்.

நான்காவது வரியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மனக்கசப்பு பிறப்பது அங்கேதான். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து, அதாவது 6.75 மீட்டருக்கு அப்பாலிருந்து, 100 முறை எறிந்து 33 விழுந்தால் 99 புள்ளிகள். உள்ளே இருந்து 100 முறை எறிந்து 50 விழுந்தால்தான் 100 புள்ளிகள். ஆகவே மூன்றில் ஒன்றைப் போடுகிறவர் தூரத்திலிருந்து எறிவதும், இரண்டில் ஒன்றைப் போடுகிறவர் கூடையருகே எறிவதும் ஏறக்குறைய ஒரே மதிப்புள்ளவை. பயிற்சியில் மூன்று வாரங்கள் எண்ணி, அந்த எண்ணை அவரிடமே காட்டி, அதன்பின் வரியை எழுதுங்கள். எண்ணிக்கை எடுப்பதை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சை அன்னை சத்யா அரங்கம் போன்ற திறந்த வெளிகளில் ஆடிக்காற்று வீசும் மாலைகளில் தூரத்து எறிதல் எவருடைய உண்மையான திறமையையும் காட்டாது.

ஸ்கிரீன் போடுகிறவரின், அதாவது எதிரணி ஆளின் வழியை உடலால் மறித்து நிற்கிறவரின், சீட்டைக் கூடுதல் கவனத்தோடு எழுதுங்கள். நாகசுரக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவரின் பெயர் விளம்பரத் தட்டியில் பெரும்பாலும் வராது. ஆனால் அந்த ஒற்றைச் சுருதி நின்றுபோனால் ராகம் தொங்கிவிடும். தன் உடலைத் தடையாக நிறுத்தி இன்னொருவருக்கு வழி திறந்துவிடுகிறவர், ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் ஷீட்டில் பூஜ்யத்தோடு வீட்டுக்குப் போகிறார். அவருடைய சீட்டில், "இந்த ஆட்டத்தில் பன்னிரண்டு நல்ல ஸ்கிரீன்" என்று எண்ணோடு எழுதினால்தான் தன் உழைப்பு பார்க்கப்படுகிறது என்று அவர் நம்புவார்.

அக்காவும் தங்கையும்

நம் அணிகளில் மூத்தவரை அக்கா என்றுதான் அழைக்கிறார்கள். அந்த அன்பு அணியைச் சேர்த்துப் பிடிக்கிறது. ஆட்டத்தின் நடுவில் அதுவே கையைக் கட்டிப்போடவும் செய்கிறது. கூடைக்கு நேராகத் தனியாக நின்ற ஒரு பதினேழு வயதுப் பெண் எறியாமல் பந்தைத் திருப்பிக் கொடுத்தபோது, ஏன் என்று கேட்டேன். "அக்கா நிக்கும்போது நான் எப்படி மேடம் அடிக்கிறது?" என்றார். அவரைத் திருத்துவதில் பயன் இருந்திருக்காது. அந்த அக்காவைத்தான் அழைத்துப் பேசினேன். மறுநாள் பயிற்சியில் அவரே, "நீ அடிக்கலன்னா எனக்குத்தான் ரெண்டு பேர் வந்து நிப்பாங்க, அடிடீ" என்று சொன்ன பிறகு நிலைமை மாறியது.

ஆகவே சீட்டுகளை எல்லோருக்கும் கொடுப்பதற்கு ஒரு நாள் முன்பே மூத்தவர்கள் இருவரையோ மூவரையோ தனியாக உட்கார வைத்து முழுத் திட்டத்தையும் காட்டுங்கள். யாருடைய நிமிடங்கள் குறைகின்றனவோ அவரிடம் அதை மறைக்காமல் சொல்லி, அதற்கு ஈடாக அவர் ஏற்கும் வேலை என்ன என்பதையும் சொல்லுங்கள்: தற்காப்பில் யார் எங்கே நகர வேண்டும் என்று உரக்கக் கூப்பிடுவது, டைம் அவுட்டில் புதியவரின் அருகே உட்காருவது, எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரை முதல் கால்பகுதி முழுவதும் பிடிப்பது. இவை ஆறுதலுக்காகக் கொடுக்கப்படும் வேலைகளாக இருந்தால் அவர் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார். உண்மையாகவே தேவையானவற்றை மட்டும் கொடுங்கள்.

திருமணமாகிப் போனவர்களின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடும் வழக்கத்தையும் நாம் விட வேண்டும். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை குழந்தை பிறந்த பிறகும் களத்துக்குத் திரும்பி, 2017-ல் பெங்களூருவில் கஜகஸ்தானை 75-73 என்று வென்று ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவுப் பட்டத்தைப் பெற்ற இந்திய அணியில் ஆடினார்; 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். பாபநாசத்திலோ மன்னார்குடியிலோ மணமாகிப் போன ஒரு முன்னாள் கார்டு வாரத்தில் இரண்டு நாட்கள்தான் வர முடியும் என்றால், அந்த இரண்டு நாட்களுக்கும் ஏற்றபடி 8 நிமிடங்களுக்கான ஒரு சீட்டை எழுதிக் கொடுங்கள். மாமியார் வீட்டில் நீங்களே போய் ஒருமுறை பேச வேண்டியிருக்கலாம். நான் போயிருக்கிறேன், மூன்றில் இரண்டு வீடுகளில் சம்மதித்தார்கள்.

ஸ்கோர் ஷீட் சொல்லாத கணக்கு

புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் ஆகியவற்றை ஸ்கோர் ஷீட்டும் புள்ளிவிவரக்காரரும் பார்த்துக்கொள்வார்கள். பெஞ்சில் இருக்கும் ஒருவரிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்து, வேறு நான்கைக் குறிக்கச் சொல்லுங்கள்: எதிரணியின் பாஸில் கைபட்டது எத்தனை முறை, பாக்ஸ் அவுட் செய்தது எத்தனை முறை, கூடை விழுவதற்குக் காரணமான ஸ்கிரீன் எத்தனை, அசிஸ்டுக்கு முந்திய பாஸைக் கொடுத்தவர் யார். இந்த நோட்டை எழுதுகிற பெண் ஆட்டத்தைப் பார்க்கும் விதமே மாறிவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன், அதனால் புதியவர்களுக்கே முதலில் அந்த வேலையைக் கொடுக்கிறேன்.

ஒருவர் களத்தில் இருந்த நேரத்தில் நாம் எடுத்த புள்ளிகளிலிருந்து எதிரணி எடுத்த புள்ளிகளைக் கழிக்கும் பிளஸ்-மைனஸ் கணக்கையும் வைத்திருங்கள், ஆனால் ஓர் ஆட்டத்தின் எண்ணைக் கொண்டு எவரையும் எடைபோடாதீர்கள். சிறந்த நால்வரோடு இறங்குகிறவருக்கு அது தானாகவே உயரும். எட்டு, பத்து ஆட்டங்கள் சேர்ந்த பிறகுதான் அது எதையாவது சொல்லத் தொடங்கும். அப்போதும் யார் யாரோடு சேர்ந்து ஆடும்போது உயர்கிறது என்பதைப் பார்ப்பதே அதன் சிறந்த பயன். எங்கள் அணியில் இரண்டு சிறிய உருவமுள்ள கார்டுகள் ஒன்றாக ஆடினால் ரீபவுண்டில் அடிவாங்குவோம் என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். பத்து ஆட்டங்களின் நோட்டைக் கூட்டிப் பார்த்தபோது, அந்த இருவரும் சேர்ந்திருந்த நிமிடங்களில்தான் நாங்கள் முன்னிலையில் இருந்தோம். எதிரணி பந்தை எங்கள் பாதிக்குக் கொண்டுவருவதற்குள்ளேயே அவர்கள் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

உயரத்தைப் பற்றி ஒரு சொல். வகுப்பிலேயே உயரமான பெண் என்பதற்காக ஒருவரைக் கூடைக்கு அடியிலேயே நிறுத்திவிடாதீர்கள். 170 சென்டிமீட்டர் உயரம் நம் மாவட்டத்தில் சென்டராக இருக்கப் போதும். மாநில அணித் தேர்விலோ தென்னக ரயில்வே போன்ற அணிகளின் தேர்விலோ அதே பெண் கூடையிலிருந்து தள்ளி ஆடும் கார்டாகவோ பார்வர்டாகவோதான் பார்க்கப்படுவார். பந்தைத் தட்டிக்கொண்டே ஓடும் டிரிபிளும் வெளியிலிருந்து எறிதலும் தெரியாமல் அங்கே போய் நிற்பது அவருக்கு இழைக்கும் அநீதி. பயிற்சியில் வாரம் ஒரு நாளாவது அவருக்கு வேறொருவரின் சீட்டைக் கொடுங்கள்.

மழைக்காலமும் மறுஎழுத்தும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நம் சிமெண்ட் தரைகளில் தண்ணீர் தேங்கி நிற்கும். ஆட முடியாத அந்த நாட்களைச் சீட்டுகளைத் திருத்துவதற்காக ஒதுக்கிவிடுங்கள். பள்ளி அரங்கிலோ வகுப்பறையிலோ எல்லோரையும் உட்கார வைத்து, ஒவ்வொருவரும் தன் சீட்டில் எந்த வரியைச் செய்ய முடிந்தது, எது முடியவில்லை என்று தானே சொல்லட்டும். இரண்டு ஆட்டங்களுக்கு ஒருமுறை மாற்றினால் யாரும் எதிலும் நிலைக்க மாட்டார்கள். ஆண்டு முழுவதும் மாற்றாமல் வைத்திருந்தால் வளர்ந்துவிட்ட பெண் பழைய சட்டையிலேயே திணறுவார். பத்து ஆட்டங்களுக்கு ஒருமுறை என்பது எனக்குச் சரியாக வந்திருக்கிறது. மாற்றும்போது ஒரே நேரத்தில் ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள், அந்த மாற்றத்தின் காரணத்தை நோட்டிலுள்ள எண்ணைக் காட்டியே சொல்லுங்கள்.

பழைய சீட்டுகளைத் தூக்கி எறிய வேண்டாம். தேதி போட்டு ஒரு கோப்பில் வையுங்கள். ரயில்வே தேர்வுக்கோ விளையாட்டு விடுதித் தேர்வுக்கோ ஒரு பெண் கிளம்பும்போது, சான்றிதழ்களோடு அவருடைய மூன்று ஆண்டுச் சீட்டுகளையும் நோட்டின் கூட்டல்களையும் நகலெடுத்துக் கொடுத்தனுப்புங்கள், தேர்வாளர் "நீ என்ன ஆடுவே?" என்று கேட்டால், பஸ்ஸில் போகும்போது அவற்றைப் படித்திருக்கும் அவர், இடத்தின் பெயரைச் சொல்லி நிறுத்தாமல், தான் யாரைப் பிடிப்பேன், எங்கிருந்து எறிவேன், பந்து தெறிக்கும்போது என்ன செய்வேன் என்று வரி வரியாகச் சொல்ல முடியும்.